எண்ணூர் முகத்துவாரம் ஏன் அடைத்துக்கொள்கிறது?

வடசென்னைக் கடலோரத்தில் இருக்கும் எண்ணூரின் பெயர் செய்தியில் அடிபடுவது ஏதாவது கசியும்போதுதான். 2017 ஜனவரி 28 அதிகாலையில் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரை ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியில் அள்ளிய படங்களை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. கூழைக்கடாக்கள் கறுத்த இறக்கையோடு உட்கார்ந்திருந்தன. அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் வருவார்கள், கேமராக்கள் வரும், நிவாரணம் அறிவிப்பார்கள். அப்புறம் அடுத்த கசிவு வரை பேச்சே இருக்காது.

கசிவுகள் சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எண்ணூர்க் கழிமுகத்துக்கு நேர்ந்திருக்கும் பெரிய சேதம் ஒரே ராத்திரியில் நடக்கவில்லை. அதனாலேயே அது செய்தியாகவும் ஆகவில்லை. கழி, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நீர்ப்பரப்பு, மேடாகிவிட்டது, குறுகிவிட்டது. தண்ணீர் அழுக்காவது ஒரு நோய் என்றால், தண்ணீருக்கு நிற்க இடமே இல்லாமல் போவது வேறொரு நோய். முதல் நோய்க்கு உலகத்தில் வைத்தியம் உண்டு, செலவும் பொறுமையும் இருந்தால் போதும். இரண்டாவது நோய் வந்தபின் தீர்ப்பது ரொம்பக் கஷ்டம். எண்ணூரில் நாம் எப்போதும் முதல் நோயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் இடத்தின் அமைப்பு. கொசஸ்தலை ஆறு காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீரில் தொடங்கி, ஆந்திரப் பக்கமிருந்து வரும் நகரி ஆற்றையும் சேர்த்துக்கொண்டு பூண்டிக்கு வருகிறது. 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீருக்காக ஆற்றை அங்கேயே நிறுத்திக்கொள்கிறது. அதற்குக் கீழே தாமரைப்பாக்கத்திலும் வல்லூரிலும் தடுப்பணைகள். ஆக, வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் கழிமுகத்துக்கு ஆற்றுநீர் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வருவதில்லை. வடகிழக்குப் பருவமழையில், அதுவும் பூண்டி நிரம்பி மதகைத் திறந்தால், மொத்தமாக வரும். கரையோரமாகத் தெற்கு வடக்காக ஓடும் பக்கிங்காம் கால்வாய் இந்த ஆற்றை எண்ணூரில் வெட்டிச் செல்கிறது. வடக்கே போனால் நீர்வழி பழவேற்காடு ஏரியில் போய்ச் சேரும். எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் நடுவில் கடலுக்கு ஒரே ஒரு வாய். மீனவர்கள் அதை முகத்துவாரம் என்பார்கள். இந்த மொத்த அமைப்பின் தலையெழுத்தும் அந்த வாய் திறந்திருக்கிறதா என்பதில் இருக்கிறது.

ஆற்றுநீர் வராத மாதங்களில் கழியை உயிரோடு வைத்திருப்பது ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி வற்றுவது. சென்னைக் கடற்கரையில் ஓத வித்தியாசம் அதிகமில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒரு மீட்டர் அளவுக்கு வரும், அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதில் பாதிகூட இருக்காது. ஆனாலும் அது ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் அரை மீட்டர் ஏறினாலே 5 லட்சம் கன மீட்டர், அதாவது 50 கோடி லிட்டர் கடல்நீர் உள்ளே வந்து திரும்பிப் போகிறது என்று கணக்கு. அந்த நீர் உள்ளே வரும்போது உயிர்க்காற்றையும் குஞ்சுகளையும் கொண்டுவரும். போகும்போது கழிவையும் வண்டலையும் எடுத்துப்போகும்.

இந்தக் குஞ்சுகள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். பல முறை உருமாறி, இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வந்ததும், குஞ்சுகள் ஓதத்தோடு ஓதமாக முகத்துவாரத்துக்குள் நுழையும். கழியின் சேறுதான் அவற்றுக்குத் தீவனமும் மறைவிடமும். அலையாத்தி இலையும் கோரையும் மட்கி, அதன்மேல் நுண்ணுயிர்கள் படர்ந்த சேறு. சில மாதங்கள் அங்கே வளர்ந்து, இனப்பெருக்கத்துக்கு மறுபடி கடலுக்குப் போய்விடும். மடவையும் கொடுவாயும்கூட ஏறக்குறைய இதே போக்குவரத்தில் வாழ்கிறவை. கடலில் விசைப்படகு பிடிக்கிற இறாலில் ஒரு பங்கு ஏதோ ஒரு கழியில் வளர்ந்ததுதான் என்பது மீன் அங்காடியில் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே இருப்பது வெளியே போக முடியாது, வெளியே பிறந்தது உள்ளே வர முடியாது.

இந்தச் சேற்றை நம்பி வாழ்கிறவர்களில் இருளர்கள் உண்டு. படகு கிடையாது, பலரிடம் வலையும் கிடையாது. இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். மணிக்கணக்கில் இப்படி. அடித்தளம் எப்படி மாறியிருக்கிறது என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடிய கருவி எதுவும் இன்னும் வரவில்லை. முன்பு சேறாக இருந்த இடத்தில் இப்போது சாம்பல் என்பார்கள்; கடித்து வைக்கும் சிப்பி ஓடுகள் என்பார்கள். இரண்டுக்கும் பிறகு வருகிறேன்.

வாய் எப்படித் திறந்திருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியமான இயற்பியல். சோழமண்டலக் கரையோரம் மணல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் போகும். வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய பங்குதான் அதிகம். இந்த மணல் ஒவ்வொரு நாளும் முகத்துவாரத்தின் குறுக்கே திட்டுப் போடப் பார்க்கும். வற்றும்போது உள்ளிருந்து வேகமாக வெளியேறும் நீர்தான் அந்த வாசலைப் பெருக்கித் தள்ளுகிற துடைப்பம். துடைப்பத்தின் பலம் உள்ளே எவ்வளவு நீர் புகுந்து வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தது. கழியின் ஓரத்தை நிரப்பினால் நீர் பரவ இடம் குறையும். அடித்தளம் ஓதம் எட்டும் மட்டத்துக்கு மேலே உயர்ந்துவிட்டால் அந்த இடம் கணக்கிலேயே வராது. ஆழம் குறைந்த ஓடையில் உராய்வு கூடி, ஓதம் உள்ளே எட்டுவதற்குள் களைத்துவிடும். எப்படிப் பார்த்தாலும் வெளியேறும் நீர் குறைகிறது, வேகம் குறைகிறது, மணல் ஜெயிக்கிறது. முகத்துவாரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒருவர் கொட்டிய மண் முகத்துவாரத்தை மூடிவிட முடியும்.

இதை நூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் தங்கத்துக்காகப் பீரங்கி போன்ற நீர்க்குழாய்களால் குன்றுகளையே கரைத்தார்கள். அந்த மண் ஆறுகள் வழியாக சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் வந்து படிந்தது. 1884இல் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. பிறகு புவியியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் இதை ஆராய்ந்தார். 1917இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, ஆற்றோர வெள்ளத்தைப் பற்றிச் சொன்னதோடு நிற்கவில்லை. விரிகுடாவுக்குள் படிந்த மண்ணும், சதுப்பைக் கரை கட்டி எடுத்துக்கொண்ட விவசாயமும் உள்ளே புகும் ஓதநீரைக் குறைக்கின்றன, அதனால் விரிகுடாவின் வாயான கோல்டன் கேட்டுக்கு வெளியே உள்ள மணல்திட்டு பாதிக்கப்படும், கப்பல் போக்குவரத்து பாதிக்கப்படும் என்று சொன்னது. மலையில் தோண்டியவருக்கும் துறைமுகத்துக்காரருக்கும் உள்ள சம்பந்தத்தை அவர் ஓதக் கணக்கில் பிடித்தார். எண்ணூரில் அந்தச் சம்பந்தத்தைப் பிடிக்க மலை வரைக்கும் போக வேண்டியதில்லை.

எண்ணூரின் கதை உப்பிலிருந்து தொடங்குகிறது. கழியை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் பாத்தி கட்டி உப்பு விளைவித்தார்கள்; 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே, 1806இல், பேசில் காக்ரேன் என்ற வணிகர் முன்னெடுத்த கால்வாய் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வந்துவிட்டது. உப்பும் விறகும் படகில் நகரத்துக்குப் போயின. பின்னால் அது வடக்கே நீண்டது. தாது வருடப் பஞ்சத்தில், 1876–78இல், பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரும் ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வெட்டிய கால்வாய்க்கு ஒரு பிரபுவின் பெயர்!

உப்பளம், கால்வாய் இரண்டுமே கழியை மாற்றின, ஆனால் கொன்றுவிடவில்லை. பாத்தி வரப்பை உடைத்தால் ஓதம் திரும்ப வந்துவிடும். அதே காலத்தில் தெற்கே நடந்த இன்னொரு வேலைதான் மாற்ற முடியாததாக அமைந்தது. 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் சுவரின் தெற்கே தங்கியது. நமக்கு அகலமான மெரினா கிடைத்தது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கத் தொடங்கியது. கல் கொட்டிக் கொட்டி இன்றுவரை அந்தச் சண்டை ஓயவில்லை. மெரினாவில் காற்று வாங்குகிறவர் உட்கார்ந்திருப்பது காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர வேண்டிய மணலின்மேல் என்று சொன்னால் மிகையில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவற்றைப் பட்டியல் போட்டால் நீளும். 1948இல் கார்த் தொழிற்சாலையாகத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அதையொட்டி உரம், பெட்ரோ ரசாயனம். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம். 450 மெகாவாட் வரை வளர்ந்து 2017இல் மூடப்பட்டது. 1990களின் நடுவில் வடசென்னை அனல்மின் நிலையம் 630 மெகாவாட்டோடு வந்தது. 2010களில் அதில் இன்னொரு 1,200 சேர்ந்தது. வல்லூரில் 1,500. இவற்றுக்கு நிலக்கரி இறக்குவதற்காகவே திட்டமிட்ட எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. இப்போது அது காமராஜர் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் தனியார் துறைமுகம் ஒன்று.

ஏன் எல்லாமே இங்கே? நிலம் அரசாங்கத்துடையது, உப்பளமும் புறம்போக்கும்; குடியிருப்பு நிலம் மாதிரி விலை பேச வேண்டியதில்லை. குளிரூட்டக் கடல்நீர் பக்கத்திலேயே. காலியாகத் தெரிகிற இடம். கழி வற்றும்போது பார்க்கிற வருவாய்த் துறை அதிகாரிக்கு அது வெறும் சேற்று மைதானம். ஓதம் ஏறும்போது பார்த்திருந்தால் அது ஆறு. அத்தோடு, இங்கே இருப்பவர்கள் குப்பத்து ஜனங்கள். ஒரு கடற்கரையின் தெற்குப் பக்கத்தில் பங்களாக்களும் வடக்குப் பக்கத்தில் சாம்பல் குளங்களும் அமைந்தது இயற்கையின் விதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சாம்பலுக்கு வருவோம். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எரியாத சாம்பல். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, கழியைக் கடந்து போகும் குழாய்கள் வழியாகச் செப்பாக்கம் பக்கமுள்ள சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். உப்பு நீரும் உராயும் சாம்பலும் சேர்ந்து குழாயை அரித்துவிடும். ஓட்டை விழும், அடைப்பார்கள், வேறு இடத்தில் விழும். வருடக்கணக்கில் இப்படிச் சொட்டியதும் பீறியதும் கொசஸ்தலையிலேயே படிந்தது. ஆற்று வண்டலும் சாம்பலும் பார்க்கக் கொஞ்சம் ஒன்றுபோல இருக்கும். தொட்டால் தெரியும்: சாம்பல் முகப்பவுடர் மாதிரி வழவழவென்று நழுவும், காலை வைத்தால் உள்ளே வாங்கும். அதில் இருப்பது பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் உருகி ஆன நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். மட்கிய இலை கிடையாது, இறால் தின்ன ஒன்றும் கிடையாது. ஆர்சனிக், ஈயம் போன்ற உலோகங்கள் சிறு அளவில் கூடவே வரும். 

அனல்மின் நிலையங்கள் கழிக்குத் திருப்பி விடும் சூடான நீர் இன்னொரு தொல்லை. வெந்நீரில் உயிர்க்காற்று குறைவாகத்தான் கரையும். குஞ்சுகளுக்கு அது தாங்காது. ஆனால் மின்நிலையம் நின்றால் மறுநாளே சூடு நின்றுவிடும். படிந்த சாம்பல் அப்படிப் போகாது. என் பார்வையில் எண்ணூரின் சேதங்களைத் தரம் பிரிக்க இந்த ஒரு கேள்வி போதும்: இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்குச் சரியாகுமா?

துறைமுகம் வேறு வகையில் வாயை நெருக்குகிறது. முகத்துவாரத்துக்கு வடக்கே கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர், தெற்கிலிருந்து வரும் மணலைத் தேக்குகிறது. சென்னைத் துறைமுகம் மெரினாவை உருவாக்கியதே, அதே கணக்கு. இங்கே மணல் தேங்குகிற இடம் கழியின் வாசலை ஒட்டி. உள்ளே சாம்பலும் கட்டடக் கழிவும் நீரைக் குறைக்க, வெளியே சுவர் மணலைக் கூட்ட, முகத்துவாரம் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டது. துறைமுகத்துக்கு வடக்கே மறுபடி அரிப்பு.

சட்டம் என்ன செய்தது? 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, ஓதம் ஏறி வற்றும் நிலத்தை மிகக் கண்டிப்பான வகையில் வைத்தது. அதன்படி 1996இல் ஒன்றிய அரசு ஒப்புக்கொண்ட வரைபடத்தில் எண்ணூர்க் கழி முழுதாக, சுமார் 6,500 ஏக்கர், கட்டுமானம் கூடாத பகுதியாக இருக்கிறது. ஆனால் மாநில அரசு அலுவலகங்களில் புழங்கியதோ 1997ஆம் ஆண்டின் வேறொரு வரைபடம். அதில் கழியே காணோம். 2017இல் சென்னைச் சூழலியல் ஆர்வலர்கள் தகவல் அறியும் சட்டத்தின் வழியாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் இது பொதுப்பேச்சானது. ஓர் ஆற்றை மண் கொட்டி மூடப் பல வருடம் பிடிக்கும். தாளில் மூட ஒரு பிற்பகல் போதும். தாளில் மூடிய பிறகு மண் கொட்டுவது விதிமீறலாகவும் தெரியாது.

இப்போது அந்தச் சிப்பி. மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். தென் அமெரிக்கக் கரையோரத்தைச் சேர்ந்த ஒரு சிறிய கறுப்புச் சிப்பி அது. கப்பல் ஆடாமலிருக்க உள்ளே நிரப்பும் நிலைநிறுத்து நீரிலோ கப்பலின் அடிப்பாகத்திலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. கேரளக் காயல்களிலும் தலைகாட்டியிருக்கிறது. உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும், வேகமாகப் பெருகும். எண்ணூரிலும் பழவேற்காட்டுப் பக்கத்திலும் அடிச்சேற்றின்மேல் கம்பளம் விரித்த மாதிரி ஒன்றோடொன்று பிணைந்து படர்ந்துவிட்டது. நம்மூர் மட்டியும் இறாலும் புதைந்து வாழச் சேறு வேண்டும். மேலே ஓட்டுக் கூரை போட்டால் எங்கே போகும்? கையால் துழாவுகிறவர்களுக்கு விரலும் பாதமும் கிழிகிறது. ஓடுகள் வண்டலைப் பிடித்துவைப்பதால் அடித்தளம் இன்னும் உயர்கிறது. வந்தேறி உயிரினத்தைப் பற்றிய பேச்சில்கூட இங்கே ஆழம்தான் வந்து நிற்கிறது.

வெள்ளத்துக்கும் இதே கழிதான் வழி. பூண்டியில் திறக்கும் நீர், மணலி, மாதவரம் பக்கத்து மழைநீர் எல்லாம் கடலுக்குப் போக எண்ணூர் வாசல்தான். வாசல் குறுகினால் நீர் பின்னால் தேங்கும். 2023 டிசம்பரில் அதுதான் நடந்தது, எண்ணெயும் சேர்ந்துகொண்டது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்துதான் வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. ஆலை முதலில் மறுத்தது. அந்த வழக்காடல் தேவைதான். ஆனால் வீடுகளின் சுவரில் இடுப்பளவுக்கு எண்ணெய்க்கோடு விழுந்தது என்றால், எண்ணெயை அந்த உயரத்துக்குத் தூக்கியது வெளியேற வழியில்லாத நீர்.

கோடையில் எதிர்த் தொல்லை. மீஞ்சூர்ப் பகுதியில் பல ஆண்டுகள் நகரத்துக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. 2010இல் அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்தோம். நல்ல தண்ணீரை உப்பாக்கிவிட்டு உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்குவதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு நிலக்கரி, நிலக்கரிக்குச் சாம்பல். சரி, இது ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம்.

மீட்பு முடியுமா என்றால், எதை என்று கேட்க வேண்டும். லண்டனில் தேம்ஸ் கழிமுகம் உயிரியல் ரீதியாகச் செத்துவிட்டது என்று 1957இல் அறிவித்தார்கள். கழிவுநீர் நிலையங்களைச் சரிசெய்ததும் அடுத்த இருபது வருடங்களுக்குள் பல வகை மீன்கள் திரும்பின. நீர் சுத்தமானால் உயிர் வரும், அதற்கு அத்தாட்சி உண்டு. ஆனால் தேம்ஸ் ஓரத்தில் நூற்றாண்டுகளாகக் கரை கட்டி எடுத்துக்கொண்ட சதுப்பில் பெரும்பகுதி திரும்பவில்லை. இடத்தைத் திருப்பித் தந்த உதாரணத்துக்கு மறுபடி சான்பிரான்சிஸ்கோவுக்குத்தான் போக வேண்டும். 2003இல் அங்கே 15,000 ஏக்கருக்கும் சற்று அதிகமான உப்பளங்களை அரசு வாங்கியது. வரப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து ஓதத்தை உள்ளே விடுகிறார்கள். ஓதம் கொண்டுவரும் வண்டல் படிந்து, செடிகள் தாமாக முளைக்கின்றன.

எண்ணூரில் நிரப்பப்படாமல் எஞ்சியுள்ள உப்பளங்களின் மதிப்பு இங்கேதான். அவை உப்பு விளைவித்தாலும் விளைவிக்காவிட்டாலும் இன்னும் தாழ்ந்த நிலம். வரப்பு உடைத்தால் ஓதம் ஏறும். அதன்மேல் மண்ணோ சாம்பலோ கொட்டிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். அலையாத்திக் கன்று நடுவது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், ஓதம் எட்டாத மேட்டில் நட்டால் காய்ந்துதான் போகும். ஓதம் எட்டினால் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் விதை தானே மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும்.

படிந்த சாம்பலை எடுப்பதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. மின்நிலையத்திலிருந்து உலர்ந்து வரும் சாம்பலைச் சிமெண்ட் ஆலையும் செங்கல் சூளையும் வாங்கிக்கொள்ளும். உப்பும் சேறும் கலந்து ஆற்றடியிலிருந்து வருவதை யாரும் வாங்க மாட்டார்கள். கசிவு தடுக்கும் தளம் போட்ட இடத்தில்தான் அதைக் கொட்ட வேண்டும். அந்த இடம் கழியின் ஓரமாகவே அமைந்துவிட்டால் ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாற்றிய கதைதான்.

முகத்துவார மணலுக்கும் இதே நிலைமை. வாய் அடைக்கும்போதெல்லாம் பொக்லைனைக் கொண்டுவந்து தோண்டுகிறார்கள், சில மாதங்களில் மறுபடி மூடிக்கொள்கிறது. தோண்டிய மணலை வாசலுக்குத் தெற்கே குவித்தால் நீரோட்டம் அதை எடுத்துவந்து வாசலிலேயே சேர்க்கும். துறைமுகத்தைத் தாண்டி வடக்கே கொண்டுபோய்ப் போட்டால், அரித்துக்கொண்டிருக்கும் காட்டுப்பள்ளிக் கரைக்காவது அது உதவும். லாரிச் செலவு கூடுதலாகும். தூர்வாரும் ஒப்பந்தம் போடும்போது எத்தனை கன மீட்டர் என்பதோடு, எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதையும் எழுதியாக வேண்டும்.